ராட்சத ஊஞ்சலைச் சுற்றி ஒரு பகல்

பாங்காக்கில் ஒருநாள் சுற்றுலா இரண்டு விதமாகக் கிடைக்கிறது. ஏசி வேனில் ஏற்றிக்கொண்டு அரண்மனை, இரண்டு கோயில், மிதக்கும் சந்தை என்று விரட்டி, நடுவே யாரும் கேட்காத நகைக்கடையிலும் இறக்கிவிடுவது ஒரு விதம். பழைய நகரத்தைக் காலாற நடத்திக் காட்டுவது இன்னொன்று. நான் நடைக்குப் பணம் கட்டினேன்.

காலை ஏழு மணிக்கு சனாம் சாய் மெட்ரோ நிலையத்தில் கூடினோம். வழிகாட்டியாக வந்த பெண்மணியின் கழுத்தில் உரிம அட்டை தொங்கியது. தாய்லாந்தில் இந்த வேலை அந்நாட்டுக் குடிமக்களுக்கு மட்டுமே என்பது சட்டம். அட்டை இல்லாதவரோடு போகாதீர்கள்.

முதலில் பாக் க்லோங் தலாட் பூச்சந்தை. இருபத்துநான்கு மணி நேரமும் நடக்கிற சந்தை. மொத்த வியாபாரம் இரவிலேயே முடிந்துவிடுகிறது. சாமந்தி மூட்டை மூட்டையாகக் கிடந்தது. ஒரு அம்மாள் தாமரை மொட்டின் இதழ்களை ஒவ்வொன்றாக உள்பக்கம் மடித்துக்கொண்டிருந்தார். புத்தருக்கு வைக்கிற மொட்டை அப்படித்தான் மடிப்பார்களாம். மல்லிகையை நம்மைப் போல நாரில் கட்டுவதில்லை. நீண்ட ஊசியில் மொட்டுகளை நெருக்கிக் கோத்து வளையமாக்குகிறார்கள். அதில் எருக்கம்பூ வேறு! நம் ஊரில் பிள்ளையாரோடு நின்றுபோகிற பூ, இங்கே கல்யாண மாலைக்கும் போகிறது.

அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் வாட் போ கோயில். 46 மீட்டர் நீளம், 15 மீட்டர் உயரத்தில் பள்ளிகொண்ட புத்தரை எல்லோரும் படமெடுக்கிறார்கள், நானும் எடுத்தேன். எனக்குப் பிடித்தது மண்டபச் சுவர்களில் பதித்திருக்கும் கல்வெட்டுகள்தான். மூன்றாம் ராமா மன்னர் காலத்தில் மருத்துவம், மூலிகை, நரம்போட்டம், செய்யுள் என்று தெரிந்ததையெல்லாம் பளிங்கில் வெட்டி, யார் வேண்டுமானாலும் வந்து படிக்கலாம் என்று வைத்துவிட்டார்கள். இந்தக் கோயிலின் மசாஜ் பள்ளிக்கு வேர் அந்தச் சுவர்களில் இருக்கிறது.

சாப்பாட்டுக்குத் தெருவோரக் குழம்புக்கடை. தட்டுத்தட்டாகக் குழம்புகள்; விரலைக் காட்டினால் சோற்றின் மேல் ஊற்றித் தருகிறார்கள். பச்சைமிளகாய், அரத்தை, எலுமிச்சைப்புல் அரைத்துத் தேங்காய்ப்பாலில் கொதித்த குழம்பு நாக்குக்கு அந்நியமாகத் தெரியவில்லை. பட்டை, கிராம்பு, ஏலம் மணக்கும் மசமன் இன்னும் நெருக்கம். சைவக்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை: காய்கறிக் குழம்பு என்பார்கள், அரைப்பில் இறால் விழுது இருக்கும், பப்பாளிக்காய் சாலட்டில் மீன்சாறு இருக்கும். மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்து போட்ட ‘ஜே’ கடையைத் தேடுங்கள். அங்கே வெங்காயம், பூண்டுகூடக் கிடையாது.

பிறகு பம்ருங் மியாங் சாலை. ஆளுயர புத்தர்கள் மஞ்சள் பிளாஸ்டிக் உறை போர்த்தி நடைபாதையில் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். துறவிக்குக் கொடுக்க சோப்பு, பற்பசை, துவராடை எல்லாம் அடுக்கிய வாளிகள் தயாராக விற்பனைக்கு இருக்கின்றன. அந்தச் சாலையிலேயே வாட் சுதாட் கோயிலும், அதன் முன்னால் சாவ் சிங் சா என்ற ராட்சத ஊஞ்சலும். ஊஞ்சல் என்றாலும் இப்போது பலகை இல்லை, சங்கிலி இல்லை. நெடிதுயர்ந்த சிவப்புத் தேக்குத் தூண்கள் மட்டும். முதலாம் ராமா மன்னர் 1784இல் நாட்டியது. 1920இல் இந்த இடத்துக்கு மாற்றினார்கள்.

சிவபெருமான் பூமிக்கு வரும் நாள்களில் இளைஞர்கள் இதில் ஆடுவார்களாம். எதிரே மூங்கிலில் கட்டிய காசுப்பையைப் பல்லால் கவ்வ வேண்டும். ஆட்டம் 1935இல் நின்றது. ஆனால் அதை நடத்திய அந்தணர்கள் போய்விடவில்லை. சில அடி தள்ளி, வெள்ளைச் சுவருக்குள் அவர்களுடைய தேவஸ்தானம் இருக்கிறது. சிவன், பிள்ளையார், திருமால் மூவருக்கும் தனித்தனிச் சன்னிதி. ஊஞ்சல் ஆடிய அந்த விழாவின் பெயர் திரியம்பாவை–திரிபாவை. மார்கழியில் நம் கோயில்களில் ஒலிக்கும் மாணிக்கவாசகரின் திருவெம்பாவையும் ஆண்டாளின் திருப்பாவையும்தான் அவை. ஊஞ்சல் நின்ற பிறகும் கோயிலுக்குள் சடங்கு ஆண்டுதோறும் நடக்கிறது. தமிழறிஞர் தனிநாயகம் அடிகள் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். சுற்றுலாத் திட்டத்தில் இதற்கு ஒதுக்கியது ஐந்தே நிமிடம். தமிழர்கள் அரை மணியாவது கேட்டு வாங்குங்கள்.

கடைசியாக பான் பாட். துறவிகளின் பிச்சைப் பாத்திரத்தைக் கையால் அடிக்கிற சந்து. 1767இல் அயுத்தயா வீழ்ந்தபின் வந்து குடியேறியவர்களின் வழி என்கிறார்கள். எட்டு இரும்புத் துண்டுகளை ஒட்டி ஒரு பாத்திரம். புத்தர் சொன்ன எண்வழிப் பாதைக்கு எட்டு. ஆலைப் பாத்திரம் மலிவாக வந்தபிறகு மிஞ்சியவை சில குடும்பங்களே. வாங்குகிறவர்களில் துறவிகளைவிடச் சுற்றுலாக்காரர்கள் அதிகம் என்று வழிகாட்டி சொன்னார். தொழில் உயிரோடு இருக்க அதுவும் ஒரு வழிதான்.

அரண்மனையை இதே நாளில் திணிக்காதீர்கள். 500 பாட் கட்டணத்துக்கு அதற்கென்று ஒரு காலை வேண்டும். தோளும் முழங்காலும் மூடிய உடை கட்டாயம். வழியில் யாராவது “இன்று அரண்மனை மூடியிருக்கிறது, வேறிடம் காட்டுகிறேன்” என்று டுக்டுக்கில் ஏறச் சொன்னால் நம்பாமல் வாசல் வரை நடந்துபோய்ப் பாருங்கள்.