இராயப்பர் ஆலயத்தில்

இராயபுரத்துக்குப் பெயர் தந்த புனித இராயப்பர் ஆண்டவரை மும்முறை மறுதலித்தவர். அவரது ஆலயத்தில் முழந்தாளிடும்போதெல்லாம் எனக்கு அதுவே நினைவுக்கு வரும்.

எண்ணூர்த் தொழிற்சாலை ஒன்றில் நான் கணக்கராயிருந்த காலம். வலக்கை நசுங்கிய ஒப்பந்தத் தொழிலாளி ஒருவருக்காகச் சாட்சி சொல்ல அழைத்தார்கள். “நான் பார்க்கவில்லை” என்றேன். பார்த்திருந்தேன். மகளின் கல்லூரிக் கட்டணம் கண்முன் நின்றது.

விரகாலூரில் பிறந்த இயேசு சபைக் குரு ஸ்டேன் சுவாமிக்கும் வாய்மூடியிருக்க வழியிருந்தது. ஜார்க்கண்ட் பழங்குடியினருக்காகப் பேசினார். 2020 அக்டோபர் 8 அன்று கைதானபோது வயது 83. நடுக்குவாதத்தால் குவளையைப் பிடிக்க இயலாமல் உறிஞ்சுகுழல் கேட்டார். அதற்கும் நீதிமன்றத்தை நாட வேண்டியிருந்தது. பிணை கிடைக்காமலே 2021 ஜூலை 5 அன்று மும்பையில் இறந்தார்.

என் கைகள் நடுங்குவதில்லை.

அந்தத் தொழிலாளி இன்று திருவொற்றியூரில் காய்கறி விற்கிறார். இடக்கையால் சில்லறை எண்ணித் தந்தபடி, “வாங்க சார்” என்கிறார்.