பத்துக்கு எத்தனை மார்க்?

ஸ்காட்லாந்து ஸிங்கிள் மால்ட், ஓக் பீப்பாயில் குறைந்தது 3 வருஷம் தூங்கணும். அமெரிக்க போர்பனுக்கு, உள்ளே கருக்கிய புதுப் பீப்பாய்தான் வேணும். ரசிகர்கள் முகர்ந்து பார்த்து 'புகை... வெனிலா...' என்று மார்க் போடுவார்கள்.

நம்ம நாஞ்சில் நாட்டு அக்கானிக்கு (மற்ற ஊரில் பதநீர்) யார் ஸார் மார்க் போடுவது? நானே போடுகிறேன். காலையில், பனையோலைப் பட்டையில் குடிக்கணும். முதலில் தித்திப்பு, பிறகு ஓலை வாசம், கடைசியில் நாக்கில் லேசாய்ச் சுண்ணாம்பு. பத்துக்கு 9. டம்ளரில் கொடுத்தால் 7-தான்!

கலயத்தில் தடவுகிற அந்தச் சுண்ணாம்புதான் புளிக்காமல் காக்கிறது. தடவாவிட்டால் அதே பனை, அதே பாளை, சில மணி நேரத்தில் கள். தமிழ்நாட்டில் 1987 முதல் அதற்குத் தடை, இறக்கினால் கேஸ். விஸ்கிக்கோ அரசாங்கமே கடை நடத்துகிறது!

களியக்காவிளை தாண்டிக் கேரளத்துக்குள் போனால் கள்ளுக்கடை, போர்டே மாட்டி, மரச்சீனியும் மீன்கறியுமாய். அங்கே பெரும்பாலும் தென்னங்கள். என் நாக்குக்கு 6. பனங்கள்ளுக்கு? எல்லைக்கு இந்தப் பக்கம் பேப்பரே திருத்தக்கூடாது ஸார்!