திங்கட்கிழமை வாங்கிக்கலாம்!

2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. காலையிலிருந்து விடாத மழை. தூத்துக்குடியில் மழை என்றால், உப்பளக்காரர்களைத் தவிர எல்லோருக்கும் சந்தோஷம்தான். வீட்டில் பஜ்ஜி போட்டோம். ராத்திரி அம்மாவுக்கு இன்சுலின் போட ஃப்ரிட்ஜைத் திறந்தேன். குப்பியின் அடியில் கொஞ்சம்தான் இருந்தது. இப்போதைக்கும் மறுநாள் காலைக்கும் வரும். ‘திங்கட்கிழமை ஆபீஸ் விட்டு வரும்போது வாங்கிக்கலாம்’ என்று கதவைச் சாத்தினேன்.

விடிந்தபோது எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர். கரன்ட் இல்லை. போனில் சிக்னல் இல்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது என்பதே எங்களுக்குப் பிறகுதான் தெரியும். எங்கள் மாவட்டத்தில் ஒரு வருஷம் முழுக்கப் பெய்கிற மழையைவிட அது அதிகம். தாமிரபரணி கரை தாண்டியது. திருநெல்வேலி ரோடு துண்டிக்கப்பட்டது. பாலுக்கும் பிரெட்டுக்கும் ஊரே அலைந்தது. மருந்துக்கடை ஷட்டருக்குள் தண்ணீர் நின்றது.

இதில் வெட்கப்பட வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. என் வேலையே மெட்டீரியல் பிளானிங்தான்.

கடல் உணவு ஏற்றுமதி செய்யும் ஒரு நிறுவனத்தில் இருக்கிறேன். எந்தப் பொருள், எவ்வளவு, எந்த நாளில் வேண்டும் என்று கணக்குப் போட்டு வாங்க வைக்கிற வேலை. வீட்டில் எல்லா அம்மாக்களும் செய்வதுதான். எனக்கு ஒரு கம்ப்யூட்டரும் சம்பளமும் கூடுதலாக உண்டு, அவ்வளவுதான். அந்த வருஷம் நான் செய்த பெரிய சாதனை, குடோனில் பத்து நாளைக்கு இருந்த அட்டைப்பெட்டி ஸ்டாக்கை இரண்டு நாளைக்குக் குறைத்தது. இடம் மிச்சம், பணம் மிச்சம். மீட்டிங்கில் கை தட்டினார்கள்.

அந்தப் பெருமையில் வீட்டையும் விட்டுவைக்கவில்லை. அப்பா எப்போதும் அம்மாவுக்கு இன்சுலின் ஒரு குப்பி கூடுதலாக வாங்கி வைப்பார். “எதுக்குப்பா ஃப்ரிட்ஜுல அடைச்சுக்கிட்டு? கடை நாலு தெரு தள்ளித்தானே இருக்கு?” என்று சொல்லிச் சொல்லி அதை நிறுத்தியது நான்தான்.

அப்பா தோணியில் தண்டலாக இருந்தவர். இங்கிருந்து வெங்காயம், காய்கறி, கட்டடச் சாமான்கள் ஏற்றிக்கொண்டு கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் போய் வந்தவர். மாலத்தீவுக்குக் கடல் ஒத்துழைத்தால் மூன்று நாள் ஓட்டம். அப்பாவின் தோணியில் அரிசியும் தண்ணீரும் பத்து நாளைக்கு ஏறும். சின்ன வயதில் ஒருநாள் “எதுக்குப்பா இவ்வளவு?” என்று கேட்டிருக்கிறேன். “மூணு நாளுங்கிறது நம்ம கணக்கும்மா. கடலுக்கு அது தெரியாதுல்லா?” என்றார். தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் தோணிகள் கரையில்தான் நிற்கும். அந்த மாதங்களுக்கான வீட்டுச் செலவு முன்கூட்டியே அம்மாவின் கைக்கு வந்துவிடும். அதற்கெல்லாம் ஒரு இங்கிலீஷ் பெயர் இருப்பதை நான் வேலையில் சேர்ந்த பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

திங்கட்கிழமை காலை இருந்ததைப் போட்டோம். ராத்திரிக்கு இல்லை. செவ்வாய் காலை மீட்டரில் பார்த்தால் 380. அம்மா சுருண்டு படுத்திருந்தார். “விடுட்டி, ஒன்னும் ஆவாது” என்று எனக்கு ஆறுதல் வேறு. அப்பா என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

என் வீட்டுக்காரர் காலிக் குப்பியை பிளாஸ்டிக் கவரில் சுற்றி எடுத்துக்கொண்டு, கையில் ஒரு கம்போடு தண்ணீரில் இறங்கினார். பெயர் மாறிவிடக் கூடாது, லேபிளைப் பார்த்து வாங்க வேண்டும் என்பதற்காகத்தான் அந்தக் காலிக் குப்பி. இரண்டு மணி நேரம் கழித்து வந்தார். மூன்று தெரு தள்ளி இருக்கும் ரிட்டயர்டு டீச்சர் ஒருவருக்கும் அதே இன்சுலின். பிரிக்காத குப்பி ஒன்றைக் கொடுத்திருந்தார். “உங்களுக்கு வேணுமே டீச்சர்?” என்று இவர் தயங்கியிருக்கிறார். “நான் எப்பவும் ரெண்டு வச்சிருப்பேன் தம்பி. ஒன்னு எனக்குப் போதும்” என்றாராம்.

கரன்ட் இல்லாததால் ஃப்ரிட்ஜ் வெறும் பெட்டி. அப்பா சின்ன மண்பானையில் குப்பியை வைத்து, ஈரத்துணி சுற்றி, ஜன்னலோரம் வைத்தார். சாயங்காலம் அம்மா எழுந்து உட்கார்ந்து, “கொஞ்சம் காபி போடேன், சீனி இல்லாம” என்றபோதுதான் எனக்கு மூச்சு வந்தது.

கூடுதலாக வைத்துக்கொள்வது சுயநலம் என்று அதுவரை நினைத்திருந்தேன். டீச்சரிடம் இரண்டு இருந்ததால்தான் ஒன்றைக் கொடுக்க முடிந்தது. என்னிடம் யாராவது கேட்டு வந்திருந்தால் கையை விரித்திருப்பேன்.

வேலைக்குத் திரும்பியபோது அங்கேயும் அதே கதை. மீன் இருந்தது, ஆள் இருந்தது, அட்டைப்பெட்டி இல்லை. எங்களுக்கு இரண்டு சப்ளையர்கள். ஒருவர் கைவிட்டால் இன்னொருவர் என்று நான்தான் ஏற்பாடு செய்திருந்தேன். ஆனால், இருவருமே திருநெல்வேலிப் பக்கம். இரண்டு பேரின் லாரியும் வருவது ஒரே ரோட்டில். ரோடு போனதும் இருவரும் சேர்ந்தே போனார்கள். ஒரு பெட்டியின் விலை கொஞ்சம்தான். அது இல்லாமல் பல லட்ச ரூபாய் சரக்கு கோல்டு ஸ்டோரேஜில் காத்துக் கிடந்தது.

அதே வாரத்தில் இன்னொரு அடி. செங்கடலில் கப்பல்கள் தாக்கப்படுவதால், பெரிய கப்பல் நிறுவனங்கள் அந்த வழியை நிறுத்தின. ஐரோப்பாவுக்குப் போகும் சரக்கு இனி ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போக வேண்டும். பத்து நாளுக்கு மேல் கூடுதல் பயணம். இங்கே பெய்த மழைக்கும் அங்கே நடந்த சண்டைக்கும் சம்பந்தமே இல்லை. ஆனால், இரண்டும் வந்து சேர்ந்தது என் மேஜையில்.

எங்கள் ஆபீஸில் ஒரு போர்டு உண்டு. ‘சொன்ன தேதியில் சரக்கு அனுப்பியது: 98 சதவிகிதம்’ என்று பெருமையாக எழுதியிருப்போம். அந்த 98 எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும். தாமதமாகும் என்று தெரிந்ததும் வாடிக்கையாளருக்கு மெயில் போட்டுத் தேதியை மாற்றிவிடுவோம். மாற்றிய தேதியில் அனுப்பினால் அது ‘சொன்ன தேதி’! பரீட்சை எழுதிய பிறகு கேள்வித்தாளை மாற்றுவது போலத்தான்.

அந்த நாட்களில் அடிக்கடி நினைத்தது, 17-ம் தேதி ராத்திரி திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸைத்தான். சுமார் 800 பயணிகள். ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலை நிறுத்திவிட்டார்கள். அதற்கு அப்பால் தண்டவாளத்துக்குக் கீழே ஜல்லி அடித்துப் போய், தண்டவாளம் அந்தரத்தில் தொங்கியது. நேரத்துக்குப் போக வேண்டும் என்று ஓட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? பக்கத்துப் புதுக்குடி கிராமத்து மக்கள், தாங்களே வெள்ளத்தில் தவித்தபோதும், இருந்த அரிசியைப் பொங்கிப் பயணிகளுக்குக் கொடுத்தார்கள். 19-ம் தேதி வரை பலர் அங்கேயே இருந்தார்கள். போர்டில் எழுதினால் அந்த ரயிலுக்கு மார்க் பூஜ்யம்தான்.

பிறகு ஆபீஸில் சில விஷயங்களை மாற்றினோம். முதலில் கொடுத்த தேதியை வைத்துத்தான் இப்போது மார்க். சதவிகிதம் 80-க்கு இறங்கியபோது யாரும் கை தட்டவில்லை. ஆனால், எங்கே ஓட்டை என்பது தெரிந்தது. எல்லாப் பொருளையும் குவித்து வைக்கப் பணமும் இல்லை, இடமும் இல்லை. அதனால் ஒவ்வொன்றுக்கும் இரண்டு கேள்வி: இது இல்லாவிட்டால் எது நிற்கும்? மாற்று கிடைக்க எத்தனை நாள் ஆகும்? விலை குறைவு, ஆனால் இல்லாவிட்டால் எல்லாம் நிற்கும் என்றால், அது கூடுதலாக இருக்கட்டும். அட்டைப்பெட்டி மறுபடி பத்து நாளைக்கு. சப்ளையர்களில் ஒருவர் இப்போது மதுரைப் பக்கம்.

இதை அப்பாவிடம் சொன்னேன். சிரித்தார். “உங்க தாத்தா முத்துக் குளிச்சவரு. 1961-க்குப் பிறகு முத்துக் குளிப்பே இல்லாமப் போச்சு. சங்கு குளிக்கவும் தெரிஞ்சதால அடுப்பு எரிஞ்சுது. இது ஒன்னும் புதுசில்லம்மா” என்றார்.

இப்போது எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜில் இரண்டு குப்பிகள் இருக்கின்றன. பழையதை முதலில் எடுப்போம். ஒன்றைப் பிரித்த அன்றே அடுத்ததை வாங்கிவிடுவேன், எக்ஸ்பயரி தேதி பார்த்து. ஒவ்வொரு முதல் தேதியும் அப்பா கதவைத் திறந்து எண்ணிப் பார்க்கிறார். என்மேல் இன்னும் முழு நம்பிக்கை வரவில்லை போல.

உங்கள் வீட்டிலும் தினமும் மருந்து எடுக்கிறவர் யாராவது இருப்பார். இன்றைக்கு ராத்திரி ஒருமுறை எண்ணிப் பாருங்கள். திங்கட்கிழமை வரை காத்திருக்க வேண்டாம்.