ஜீன்ஸின் உட்புறம்

ஜீன்ஸ் பேண்ட்டின் தரத்தை அதன் உட்புறம் சொல்லிவிடும். திண்டுக்கல் மாவட்டத்து நத்தம் ரெடிமேட் சட்டைக்குப் பேர்போன ஊர். சட்டை தைத்துப் பழகிய கைக்கு ஜீன்ஸை எடைபோடவும் வரும். சட்டையின் பக்கவாட்டில் இரு துண்டுகளை ஒன்றுக்குள் ஒன்று மடித்து இரட்டை ஊசியில் ஓட்டும் மடிப்புத் தையல்தான் ஜீன்ஸின் காலிலும் ஓடுகிறது. மாறுவது கனம்: சட்டைக்கு 11ஆம் எண் ஊசி போதும், ஜீன்ஸின் டெனிம் துணிக்கு 16 அல்லது 18 வேண்டும்.

ஜீன்ஸே ஒரு தையல்காரரின் கைவேலைதான். அமெரிக்காவில் நெவாடா மாநிலத்து ரீனோவில் தைத்துவந்த ஜேக்கப் டேவிஸ், குதிரைப் போர்வையில் வார் பிடிக்க அடித்துவந்த செப்பு ரிவெட்டை, கூலியாட்களின் பேண்ட்டில் பை கிழியும் மூலைகளில் அடித்துப் பார்த்தார். கிழிசல் நின்றது. தமக்குத் துணி விற்ற சான் பிரான்சிஸ்கோ வணிகர் லெவி ஸ்ட்ராஸைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டு 1873 மே 20இல் காப்புரிமை பெற்றார். ஊர் உலகத்துக்குத் தெரிந்தது வணிகரின் பெயர். தைத்தவரின் பெயரும் அதே அளவுக்கு நினைக்கப்பட வேண்டியது.

ஜீன்ஸின் நீலத்தில் தமிழ் மண்ணுக்கும் பங்குண்டு. தென்னார்க்காட்டில் அவுரி விளைந்து, நீலக்கட்டியாகக் கப்பலேறியது. 1897இல் ஜெர்மனியின் பாஸ்ஃப் நிறுவனம் செயற்கை நீலத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்த பிறகு அந்த விவசாயம் சரிந்தது. முரட்டுத் துணிக்கு வழங்கும் ‘டங்கரி’ என்ற ஆங்கிலப் பெயரும் பம்பாயின் டோங்ரியிலிருந்து போனதே. இந்தியாவில் டெனிமைப் பெருமளவில் நெய்யத் தொடங்கியது 1980களில் அகமதாபாத்தின் அரவிந்த் மில். அதே நிறுவனம் 1995இல் ‘ரஃப் அண்ட் டஃப்’ என்ற பெயரில் துணி, ஜிப், ரிவெட் எல்லாவற்றையும் ஒரே பொட்டலமாக விற்றது; உள்ளூர் டெய்லரிடம் கொடுத்துத் தைத்துக்கொள்ளலாம். சிற்றூர்த் தையல் கடைகள் பலவற்றுக்கு ஜீன்ஸ் பழகியது அப்படித்தான்.

டெனிமில் பாவு நூலுக்கு மட்டுமே நீலம், ஊடை வெள்ளை. பாவு மூன்று ஊடையின் மேல் ஏறி ஒன்றின் கீழ் நுழையும் நெசவு என்பதால் வெளியே நீலமும் உள்ளே வெளுப்பும் தெரிகின்றன. பாவு நூல் நீலத் தொட்டியில் பலமுறை முங்கிக் காற்றில் உலர்ந்தாலும் சாயம் நூலின் நடுவுக்கு இறங்குவதில்லை. உரசும் இடத்தில் மேல்சாயம் உதிர்ந்து வெள்ளை எட்டிப் பார்க்கிறது. எனவே வெளுப்பது டெனிமின் இயல்பு. அதைக் குறையாகச் சொல்வது தவறு. கடையிலேயே வெளுத்துக் கிடைப்பது வேறு விஷயம். மணலைப் பீய்ச்சி வெளுக்கும் முறையால் தொழிலாளரின் நுரையீரல் கெட்டதால் 2009இல் துருக்கி அதைத் தடைசெய்தது. உடுத்தி உடுத்தி வெளுப்பதே அழகு.

வாங்கும்போது முதலில் பேண்ட்டை உள்பக்கம் திருப்ப வேண்டும். மடிப்புத் தையல் நேராக, நூல் தொங்காமல் இருக்க வேண்டும். வெறும் ஓவர்லாக் மட்டும் போட்டிருந்தால் பைக்கில் ஏறி இறங்கியே கவட்டை விட்டுவிடும். பையின் மூலை, ஜிப்பின் அடி, பெல்ட் பட்டியின் இரு முனை ஆகியவற்றில் நெருக்கமான பார்டாக் தையல் அவசியம். அடுத்து, பேண்ட்டை நீளவாக்கில் தொங்கவிட்டுக் காலின் பக்கத் தையலைப் பார்க்க வேண்டும். அது முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் திரும்பினால் கட்டிங்கில் நேர்நூல் பிசகியிருக்கிறது, அல்லது நெசவின் சாய்வைச் சரிசெய்யாத துணி. துவைக்கத் துவைக்க இந்த முறுக்கு கூடும். எந்த டெய்லராலும் நிமிர்த்த முடியாது.

கனத்தைச் சதுர கஜத்துக்கு இத்தனை அவுன்ஸ் என்பார்கள். 14 அவுன்ஸ் குளிர்நாட்டுக்கு. நத்தத்து வெயிலுக்கு 10 அவுன்ஸே தாராளம். எலாஸ்டேன் ஓரிரு சதவீதம் இருந்தால் உட்கார வசதி, அதற்குமேல் போனால் முட்டி தொளதொளக்கும். போட்டுப் பார்க்கையில் நின்று கண்ணாடி பார்த்தால் போதாது. ஒருமுறை குத்தவைத்து எழ வேண்டும். முதல் சில துவைப்புகளில் வெள்ளை வேட்டியோடு ஊறவைக்காமல், உள்பக்கம் திருப்பி, பச்சைத் தண்ணீரில் தனியே அலசி நிழலில் உலர்த்த வேண்டும்.