விடை பன்னிரண்டு, கணக்கு என்ன?

கோடை வந்துவிட்டால் எங்கள் முதலியார்பேட்டையில் தெருப்பேச்சே போர் தண்ணீர்தான். "கரிக்குது சார், இன்னும் ஐம்பது அடி இறக்கிடலாமா?" என்று என்னைக் கேட்கிறார்கள். வாத்தியாருக்கு எல்லாம் தெரியும் என்ற நம்பிக்கை!

என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்து, இன்று புவி இயற்பியல் துறையில் இருக்கும் மாணவன் ஒருவனிடம் இதைக் கேட்டேன். அவன் சொன்னதை எனக்குப் புரிந்தபடி எழுதுகிறேன்.

பிளாஸ்டிக் குழாய் இறக்கிய போருக்குள் ஒரு நீளமான கருவியை விடுகிறார்கள். அதில் ஒரு கம்பிச்சுருளில் மாறுமின்னோட்டம் ஓடும். 1831-இல் பாரடே கண்டுபிடித்த தூண்டல்தான். சுற்றியுள்ள மண்ணில் சுழல் மின்னோட்டம் பிறக்கும். அது எழுப்பும் காந்தப்புலத்தை இன்னொரு சுருள் வாங்கிக்கொள்ளும். உப்பு நீர் இருந்தால் அளவு ஏறும். இரும்புக் குழாய் போட்ட போரில் இது எடுபடாது.

நம் ஊருக்கு இதில் ஒரு பிரெஞ்சு உறவும் உண்டு. 1927-இல் அல்சாஸ் பகுதியின் பெஷெல்பிரான் எண்ணெய்க் கிணற்றில் முதல் மின் அளவீட்டை எடுத்தது ஷ்லும்பெர்ஜே சகோதரர்களின் குழு. அந்தக் குழுவில் இருந்த ஹென்றி டோல், 1949-இல் தூண்டல் முறையை வெளியிட்டார்.

கருவி எண்ணைத்தான் தரும். மேலும் கீழுமுள்ள அடுக்குகள் எல்லாம் கலந்த எண் அது. அதிலிருந்து எந்த ஆழத்தில் என்ன இருக்கிறது என்று பின்னோக்கிக் கணக்கிடுவதே தலைகீழ்க் கணக்கு. மூன்றையும் நான்கையும் பெருக்கினால் என்ன என்று கேட்டால் விடை ஒன்றுதான். விடை பன்னிரண்டு, கணக்கு என்ன என்று கேட்டால்? இரண்டு ஆறும் வரும், பத்தும் இரண்டும் கூட்டினாலும் வரும். மெல்லிய அடுக்கில் அதிக உப்பு, தடித்த அடுக்கில் குறைந்த உப்பு, இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவைக் காட்டிவிடும். களிமண்ணும் மின்சாரத்தை நன்றாகக் கடத்தி ஏமாற்றும். அதனால்தான் காமா கதிர் அளவையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். களிமண்ணில் அது பொதுவாகக் கூடுதலாக இருக்கும். தண்ணீர் மாதிரியும் எடுக்கிறார்கள்.

பக்கத்துக் கடலூர் மாவட்டத்தில், கீழ் வெள்ளாற்றுப் பகுதியில், ஹெலிகாப்டரில் சுருளைத் தொங்கவிட்டுப் பறந்து நிலத்தடி நீரைத் தேடினார்கள். மத்திய நிலத்தடி நீர் வாரியத்துக்காக ஐதராபாத் தேசிய புவி இயற்பியல் ஆய்வு நிறுவனம் செய்த முன்னோடித் திட்டம் அது. அங்கும் கடைசி வேலை இந்தத் தலைகீழ்க் கணக்குதான்.

இதில் நமக்கு என்ன என்கிறீர்களா? உப்பு அடுக்கைத் துளைத்து, சுற்றிலும் சரியாக அடைக்காமல் விட்டால், கீழே இருக்கும் நல்ல நீருக்குள் உப்பு இறங்க நாமே வழி போட்டதாகிவிடும். குடிநீருக்கு நிலத்தடியை நம்பியிருக்கும் ஊர் நம் புதுச்சேரி.

ஒரே ஒரு வேண்டுகோள். புது போர் போடுபவர்கள், பத்து அடிக்கு ஒரு பிடி மண்ணை எடுத்துக் கவரில் போட்டு, ஆழத்தை எழுதி வையுங்கள். தலைகீழ்க் கணக்குக்கு அதுதான் சரிபார்ப்பு.