ஆரணியாற்றங்கரையில் ஒரு பேரரசின் முடிவு

பல மொழிக்காரர்களை ஒரே முடியின் கீழ் வைத்திருந்த அரசு சரிந்தால், பழியை மொழியின் தலையில் போடுவது வழக்கம். 1918-இல் சிதறிய ஆஸ்திரியா-ஹங்கேரியைப் பற்றி இப்படித்தான் சொல்வார்கள். நம் பக்கத்தில் அதற்கு நிகர் விஜயநகரம். அது ஏன் விழுந்தது என்று பார்க்க அதன் தலைநகர் ஹம்பிக்கே போக வேண்டியதில்லை. ஆரணியாற்றோடு வந்தால் போதும். கார்வேட்டிநகரம் பக்கத்து மலைகளில் பிறந்து பிச்சாட்டூர் அணையில் தேங்கி வருகிறது ஆறு. அந்த வட்டாரத்து நாகலாபுரம், கிருஷ்ணதேவராயர் தன் தாயின் பெயரில் அமைத்த ஊர் என்பது மரபு. அவர் துளுவ வம்சத்தவர்; காவியம் எழுதியது தெலுங்கில்; அதன் நாயகியோ ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள். கீழே சுருட்டப்பள்ளியில் சிவன், விஷம் உண்ட மயக்கத்தில் அம்மன் மடியில் தலை வைத்துப் பெருமாளைப் போலப் படுத்திருக்கிறார். அந்த ஊருக்கும் ஊத்துக்கோட்டைக்கும் நடுவே இன்று மாநில எல்லை ஓடுகிறது. அன்று அப்படி ஒரு கோடு கிடையாது.

விஜயநகரத்தின் கீழ் ஆண்ட தமிழகத்து நாயக்கர்கள் பிரிந்துபோனது மொழிப் பிளவுதானே என்று கேட்கலாம். இல்லை. 1565-இல் தலைக்கோட்டையில் தோற்ற பிறகு தலைநகர் பெனுகொண்டாவுக்கும் பின் சந்திரகிரிக்கும் நகர்ந்தது. நாயக்கர்கள் வரியை வசூலித்து, அரசருக்குப் பங்கும் படையும் அனுப்ப வேண்டும் என்பது ஏற்பாடு. அரசர் தளர்ந்ததும் பங்கு வருவது குறைந்தது. 1614-இல் பேரரசர் இரண்டாம் வேங்கடர் இறந்தார். மைத்துனர் ஜக்கராயர் ஒரு வாரிசை நிறுத்த, தளபதி யாச்சம நாயக்கர் இன்னொருவரைக் காப்பாற்றிக் கொண்டுவந்தார். கல்லணைக்கு அருகே தோப்பூரில் போர். மதுரையும் செஞ்சியும் ஜக்கராயர் பக்கம். தஞ்சை ரகுநாதர் எதிர்ப்பக்கம். இரண்டு அணித் தலைவர்களும் வீட்டில் பேசியது தெலுங்குதான். சண்டை யார் வாரிசு, வரி யார் கைக்கு என்பதில்.

அப்படியானால் ஆஸ்திரியா மட்டும் ஏன் மொழிவாரியாக உடைந்தது? அங்கே 1880 முதல் கணக்கெடுப்பில் ஆளுக்கு ஆள் பேச்சுமொழி கேட்டு அரசே எழுதிவைத்தது. நாலு வருடப் போரும் பட்டினியும் அரசை வீழ்த்தியபோது, பிரிய வேண்டிய கோடு ஏற்கெனவே வரையப்பட்டிருந்தது. அதைக் காரணம் என்பதைவிட வெட்டுவாய் என்பது சரி.

பெரியபாளையம் பவானி அம்மன் கோயிலைக் கடந்து, கும்மிடிப்பூண்டி ரயில் பாதைக்கு அடியில் நழுவி, பொன்னேரியைத் தாண்டி, ஆரணியாறு பழவேற்காட்டு ஏரியில் சேர்கிறது. வேங்கடரிடம் 1610-இல் அனுமதி வாங்கிய டச்சுக்காரர்கள், 1613-இல் இங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டித் துணி வாணிபம் நடத்தினார்கள். 1646-இல் கோல்கொண்டாவின் தளபதி மீர் ஜும்லா இந்தக் கரையைப் பிடித்தார். டச்சுக்காரர்களுக்கு அதனால் மாறியது அனுமதி கேட்க வேண்டிய ஆள்தான். 1690 வரை சோழமண்டலக் கரைக்கு அவர்களின் தலைமையிடம் இதுவே. கோட்டை இருந்த இடம் இன்று புதர்மேடு. கல்லறைத் தோட்டத்து வாசலின் இரு பக்கமும் கல் எலும்புக்கூடுகள் நிற்கின்றன. உள்ளே பலகைகளில் டச்சு எழுத்து இன்னும் படிக்கிற மாதிரி இருக்கிறது.