மனம் கலங்கியவருக்கும் வயிறு வலிக்கும்

எங்கள் ஆரணியில் ஒருவருக்குச் சர்க்கரை வந்துவிட்டால் தெருவே கூடி வைத்தியம் சொல்லும். மனநோய் என்றால் கதவைச் சாத்திக்கொள்வோம். வேலூர் பாகாயத்துக்கோ சென்னைக் கீழ்ப்பாக்கத்துக்கோ கூட்டிப்போய் மனநல மருத்துவமனையில் சேர்ப்போம். அதற்குப் பிறகு நாம் கேட்பது ஒரே கேள்விதான்: "மாத்திரை ஒழுங்கா போடுறானா?" அவனுக்குப் பல் வலிக்கிறதா, கால் வீங்கியிருக்கிறதா, வெளிக்குப் போனானா என்று யாரும் கேட்பதில்லை. தறியிலேயே தலை நரைத்த கிழவன் நான். அந்தக் கேள்விகளையும் கேளுங்கள் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

கடுமையான மனநோய் உள்ளவர்கள் மற்றவர்களைவிட 10 முதல் 20 ஆண்டுகள் முன்னதாகவே இறந்துபோகிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தற்கொலைதான் காரணம் என்று நினைத்துக்கொள்கிறோம். அதுவும் உண்டு. ஆனால் அவர்களில் பெரும்பாலோரைக் கொண்டுபோவது மாரடைப்பும் சர்க்கரையும் நுரையீரல் நோயும் தொற்றும்தான். எல்லோருக்கும் வருகிற, நேரத்தோடு பார்த்தால் அடக்கிவிடக் கூடிய நோய்கள் இவை.

ஏன் நேரத்தோடு பார்ப்பதில்லை? சொல்வது யார் என்று பார்க்கிறோம், சொல்வதைக் கேட்பதில்லை. என் அக்கா மகன் ஒரு மருத்துவமனையில் உள்நோயாளியாக இருந்தான். "மாமா, வயித்துல பாம்பு சுருண்டு கிடக்கு" என்று நாள் முழுக்கப் புலம்பினான். காதில் குரல் கேட்கிறது என்று சேர்க்கப்பட்டவன் பாம்பு என்று சொன்னால் யார் நம்புவார்கள்? நோய் முற்றிவிட்டது என்றுதான் எல்லோரும் பேசிக்கொண்டார்கள். பயிற்சிக்கு வந்திருந்த ஒரு டாக்டர் பெண் மட்டும் அவன் சட்டையைத் தூக்கி வயிற்றை அமுக்கிப் பார்த்தாள். பல நாளாக மலம் கழியாமல் வயிறு கல்லாக இருந்தது. அவன் சாப்பிட்டது குளோசபின் மாத்திரை. அது குடலின் அசைவை மந்தமாக்கும். கவனிக்காமல் விட்டால் குடல் அடைத்து உயிருக்கே ஆபத்தாகும். எனிமா கொடுத்தபின் பாம்பும் போயிற்று, வலியும் போயிற்று. அவன் சொன்ன பாம்பு பொய், வலி நிஜம். மனம் கலங்கியவர் பேச்சில் இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கப் பொறுமை வேண்டும்.

இதைப் படித்துவிட்டு மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். அது பல பேரை மறுபடி தறியில் உட்காரவைத்திருக்கிறது. ஆனால் அது உடம்பில் என்ன செய்யும் என்று வீட்டார் தெரிந்துகொள்ள வேண்டும். ஓலன்சபின், குளோசபின் போன்றவை பசியைக் கிளப்பி எடையை ஏற்றும். சர்க்கரையும் கொழுப்பும் கூடவே ஏறும். ஹாலோபெரிடால் போன்ற பழைய மருந்துகளில் கை நடுங்கும், உடம்பு விறைக்கும். பட்டு இழையைப் பிடிக்கிற கை நடுங்கினால் நெசவாளி என்ன செய்வான்? சொல்லாமல் மாத்திரையை நிறுத்துவான், நோய் திரும்பும். டாக்டரிடம் சொன்னால் அளவைக் குறைக்கவோ மருந்தை மாற்றவோ வழி உண்டு. சில மருந்துகளால் சட்டென்று எழும்போது ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும். குழித்தறியிலிருந்து எழுகிறவர் ஒரு நிமிடம் உட்கார்ந்து, பிடித்துக்கொண்டு எழ வேண்டும்.

லித்தியம் என்ற மனநோய் மாத்திரை சாப்பிடுகிறவர் வீட்டில் கூடுதல் கவனம் தேவை. ரத்தத்தில் அதன் அளவையும், சிறுநீரகம், தைராய்டு இரண்டையும் அவ்வப்போது சோதிக்க வேண்டும். நம் ஊர் வெயிலில் தண்ணீர் குடிக்காமல் இருந்தாலும், பேதியாகி நீர் வற்றினாலும் ரத்தத்தில் லித்தியம் கூடி விஷமாகும். இடுப்பு வலி இல்லாத நெசவாளி ஏது? மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிப் போடும் டைக்ளோஃபெனாக், இப்யூபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகளும் லித்தியத்தை ஏற்றிவிடும். டாக்டரைக் கேட்காமல் அவற்றைத் தொடக் கூடாது.

பீடியும் ஒரு கணக்கு. புகை குளோசபினையும் ஓலன்சபினையும் ரத்தத்தில் குறைக்கும். வார்டில் பீடி நின்றால் மருந்தின் வேகம் கூடும். வீட்டுக்கு வந்து மறுபடி பற்றவைத்தால் குறையும். ஊதுகிறாரா, விட்டாரா என்பதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

உடம்பின் கோளாறே மனநோய்போல் வேடம் போடுவதும் உண்டு. மக்காச்சோளத்தையே தின்று வாழ்ந்த அமெரிக்கத் தென்மாநில ஏழைகளுக்குப் பெல்லாக்ரா என்ற நோய் வந்தது. தோல் கருகி, வயிறு கழிந்து, கடைசியில் புத்தி தடுமாறி மனநல விடுதிகளில் அடைபட்டார்கள். பாலும் முட்டையும் இறைச்சியும் சேர்த்துக் கொடுத்தால் அது வராது என்று 1915 வாக்கில் ஜோசப் கோல்ட்பெர்கர் காட்டினார். சோளமே சாப்பாடாக இருந்த நம் தக்காணத்திலும் அந்நோய் இருந்தது. தைராய்டு குறைந்தாலும் ஆள் சோர்ந்து முடங்குவார். ஆகவே முதல் சேர்க்கையிலேயே ரத்தப் பரிசோதனை நடந்ததா என்று கேட்பது நம் கடமை.

உடம்பை மறந்தால் எங்கே போய் முடியும் என்பதை ஏர்வாடி காட்டியது. 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கே ஒரு மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்தது. சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். இன்று சங்கிலியில் கட்டுவதைச் சட்டமே தடை செய்கிறது. 2018 மே 29 முதல் நடைமுறையில் இருக்கும் மனநலப் பராமரிப்புச் சட்டம், எல்லா மருத்துவ வசதியிலும் மனநோயாளியை உடல்நோயாளிக்குச் சமமாக நடத்த வேண்டும் என்கிறது. மருத்துவக் காப்பீட்டுக்கும் அதே விதி. நெஞ்சு வலி என்று அழைத்துப் போகிறவரை "முதலில் மனநல டாக்டரிடம் காட்டுங்கள்" என்று திருப்பி அனுப்பினால், இந்தச் சட்டத்தைச் சொல்லி நில்லுங்கள்.

மருத்துவமனை எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் என்று இருந்துவிடவும் முடியாது. பாகாயத்தில் நோயாளியோடு குடும்பத்தாரில் ஒருவரும் தங்குவது பழைய வழக்கம். அப்படித் தங்குகிறவர் கண்ணில்தான் உடம்பின் மாற்றம் முதலில் படும். மாதம் ஒருமுறை எடையைக் குறித்துவையுங்கள். ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு எப்போது பார்த்தார்கள் என்று அதே நோட்டில் எழுதுங்கள். குளோசபின் சாப்பிடுகிறவருக்குக் காய்ச்சலோ தொண்டை வலியோ வந்தால் வெள்ளை அணுக்களை எண்ணிப் பார்க்க வேண்டும். எந்த மனநோய் மருந்தானாலும், கடும் காய்ச்சலோடு உடம்பு விறைத்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

மக்களைத் தேடி மருத்துவம் 2021இல் வந்த திட்டம். ஊழியர் வீட்டுக்கே வந்து ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார். அவர் வரும்போது ஆயாவை முன்னே உட்காரவைக்கிறோம், உள்ளறையில் இருக்கும் பிள்ளையை மறைக்கிறோம். மறைக்காதீர்கள். அவன் கையையும் நீட்டச் சொல்லுங்கள். எப்படிப் பேசுவது, எங்கே காட்டுவது என்று தெரியாவிட்டால் டெலி மானஸ் என்ற மனநல உதவிச் சேவையை 14416 என்ற எண்ணில் அழைத்துத் தமிழிலேயே கேட்கலாம்.

அடுத்த முறை வார்டுக்குப் போகும்போது பிஸ்கட் பொட்டலத்தை மட்டும் கொடுத்துவிட்டுத் திரும்பாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, "உடம்புல எங்கப்பா வலிக்குது?" என்று கேளுங்கள். எத்தனை விநோதமாகப் பதில் வந்தாலும், அவர் காட்டும் இடத்தை ஒரு டாக்டர் தொட்டுப் பார்க்கும்வரை விடாதீர்கள்.